எல்ராய் டொம்பெக் செய்த ஓக் பெட்டிகள்

எல்ராய் டொம்பெக் முப்பத்தெட்டு வருஷம் சவப்பெட்டி செய்தவர். எங்கள் மாரோ ஊரில் இதைச் சொல்லும்போது யாரும் குரலைத் தாழ்த்துவதில்லை. ஆற்றோரத்தில் இருந்த அந்தத் தொழிற்சாலையில் ஊரில் பாதிப்பேர் ஏதாவது ஒரு காலத்தில் வேலை பார்த்திருக்கிறார்கள். மீதிப்பேர் அதன் சரக்குக்குள் போய்ப் படுத்திருக்கிறார்கள். எல்ராய் அங்கே மூடி பொருத்தும் பிரிவுக்கு மேஸ்திரி. மூடியை இறக்கிவிட்டால் வெளிக்காற்று உள்ளே போகக்கூடாது, உள்காற்று வெளியே வரக்கூடாது என்பது அவருடைய கட்சி.

"உள்ள படுத்திருக்கறவனுக்குக் காத்து வந்தா என்ன, வராட்டி என்னன்னு கேக்காதீங்க. வேலைன்னா வேலை" என்பார்.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டால், "நான் பாக்கற வேலையச் சொன்ன பிறகு எந்தப் பொண்ணும் ரெண்டாவது பாட்டுக்கு என்கூட ஆட வரலை" என்று சிரிப்பார். ஓய்வு பெற்ற பிறகு அவருக்கு இரண்டு விஷயங்கள்தான் மிச்சம். ஒன்று, சனிக்கிழமை மத்தியானம் க்ளாவிட்டர் பாரில் ஷீப்ஸ்ஹெட் சீட்டாட்டம். இன்னொன்று, ரிவோலா தியேட்டர் ஆர்கன்.

ரிவோலாவை இடித்துக் கார் நிறுத்துமிடம் ஆக்கப்போகிறார்கள் என்ற செய்தி 2008இல் வந்தது. உள்ளே 1927இல் வைத்த ஆர்கன், நூற்றுக்கணக்கான குழல்களில் காற்றைச் செலுத்தி வாசிக்கும் பெரிய வாத்தியம், அப்படியே இருந்தது. பேசாத படங்களுக்கு வாசிக்க வைத்தது. டெலிபோன் கம்பெனியில் ஒயர் இழுத்து ஓய்வு பெற்ற மார்லிஸ் கோப்கே என்ற அம்மாள் பத்துப் பேரைத் திரட்டி ஒரு சங்கம் அமைத்தாள். ஆறே வாரத்தில் அத்தனையும் கழற்றியாக வேண்டும். மர வேலைக்கு ஆள் வேண்டும் என்று எல்ராய் வீட்டுக் கதவைத் தட்டினாள். தியேட்டர் மேடைக்குப் பக்கத்து அறையைத் திறந்து, ஆளுயரக் குழல்களும் விரல் உயரக் குழல்களும் காடாக நிற்பதைப் பார்த்த எல்ராய் தொப்பியைக் கழற்றினார். அன்றைக்குப் பிடித்த பைத்தியம்.

கழற்றிய ஆர்கனுக்குப் போக்கிடம் இல்லை. எந்த ஊர், எந்தக் கூடம் ஏற்கும் என்று தெரிகிறவரை எங்கேயாவது பத்திரமாக வைக்க வேண்டும். மற்ற ஊர்க்காரர்கள் பழைய அட்டைப்பெட்டியும் செய்தித்தாளும் தேடுவார்கள். எல்ராய்க்கு அது கேவலமாகப் பட்டது. தொழிற்சாலை மூடியபோது மிஞ்சிய ஓக் பலகைகளை, தேக்குக்கு நிகரான அந்தக் கெட்டி மரத்தை, கேட்டு வாங்கி வந்து இருபத்திரண்டு பெட்டிகள் செய்தார். மூலைக்கு மூலை பல் கோத்தது. மூடிக்கு ரப்பர் விளிம்பு. உள்ளே ஒவ்வொரு குழலுக்கும் தனித்தனிப் பள்ளம். சங்கத்துக்காரர்கள் ஒருவர் மாற்றி ஒருவர் அதில் படுத்துப் பார்த்துக் கிண்டல் செய்தார்கள். "எல்ராய், தலைக்கு மெத்தை எங்க?" என்று கேட்டார்கள். அவருக்கு உள்ளூரப் பெருமைதான்.

ஆர்கன் வேலை செய்கிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. யார் கண்ணிலும் படாத இடத்தில் பென்சிலால் பேரும் தேதியும் எழுதி வைப்பார்கள். எண்பது வருஷம் கழித்து எவனாவது பிரித்தால் அவனுக்கு மட்டும் தெரியும். எல்ராயும் ஒவ்வொரு மூடியின் உட்புறத்திலும் எழுதினார்: "எ. டொம்பெக், மாரோ, 2008. ஆயிரம் வருஷம் தாங்கும்."

இடம் கொடுத்தது ஹெர்ப் லுட்கே. நாற்பது கறவை மாடு வைத்திருக்கிறவர். எல்ராயோடு ஒன்றாம் வகுப்பில் சேர்ந்து படித்தவர், அறுபது வருஷமாகச் சீட்டுமேஜையில் எதிரே உட்காருகிறவர். மாட்டுக் கொட்டிலை ஒட்டி, சிமென்ட் தளம் போட்ட ஒரு பெரிய அறை சும்மா கிடந்தது. "வச்சுக்கங்கடா. காஞ்ச எடம், எலிகூட வராது. வாடகை கீடகைன்னு பேசினா உதைப்பேன்" என்று சொல்லிவிட்டார்.

சும்மா வாங்கிக்கொள்ள எல்ராய்க்கு மனசு வரவில்லை. ஹெர்ப்புக்கென்று ஒரு சவப்பெட்டி, முதல் தர ஓக்கில், தானே செய்து தருவதாக வாக்குக் கொடுத்தார். சொன்னபடி செய்தும் வைத்தார். அது அவர் கராஜில் நின்றது. ஹெர்ப் எப்போதாவது வந்து தட்டிப் பார்த்துவிட்டு, "அவசரம் ஒண்ணுமில்லையே?" என்பார். சங்கத்தின் சார்பிலும் ஒரு நன்றி போனது. கழற்றும்போது கீழே விழுந்து நெளிந்த குழல் ஒன்று, ஓரடி நீளம், அதை ரிப்பன் கட்டி ஹெர்ப்பிடம் கொடுத்தார்கள். அந்த ஒன்றைப் புதிதாகச் செய்துகொள்ளலாம் என்று எண்ணம்.

"இதை வச்சு நான் என்ன பண்றது? மாட்டைக் கூப்பிடவா?" என்று கேட்டார் ஹெர்ப். எல்லாரும் சிரித்தார்கள். பிறகு அந்தக் குழலை மறந்தும் போனார்கள்.

பதினோரு வருஷம் ஓடிற்று. கடைசியில் எங்கள் உயர்நிலைப் பள்ளியே புது அரங்கம் கட்டி, ஆர்கனுக்கு இரண்டு அறையும் ஒதுக்கியது. நவம்பரில் முதல் கச்சேரி என்று தேதி குறித்தார்கள். ஏப்ரல் மாதம் ஒரு சனிக்கிழமை காலை, பள்ளியின் மர வேலைக் கூடத்தில் பெட்டிகளை இறக்கித் திறக்க ஆரம்பித்தார்கள்.

முதல் பெட்டியில் மரக் குழல்கள். நேற்று வைத்த மாதிரி இருந்தன. இரண்டாவதில் முரசு, மணி, குதிரைக் குளம்புச் சத்தம் போடும் தேங்காய்ச் சிரட்டைகள். மார்லிஸ் இரண்டு சிரட்டையை எடுத்து மேஜையில் தட்டிக்கொண்டு கூடத்தைச் சுற்றி ஓடிக் காட்டினாள். மூன்றாவதில் பித்தளை எக்காளங்கள். பளபளப்பு மங்கியிருந்தது, அவ்வளவுதான். எல்ராய் கையைக் கட்டிக்கொண்டு, கல்யாணப் பெண்ணின் தகப்பன்போல நின்றார்.

நான்காவது பெட்டி டயாபேசன் வரிசை. தியேட்டர் ஆர்கனில் புல்லாங்குழல், வயலின், எக்காளம் எல்லாவற்றையும்போலக் குரல் காட்டும் குழல்கள் உண்டு. டயாபேசன் யாரையும்போலப் பேசாது. அதுதான் ஆர்கனின் சொந்தக் குரல். பெரிய பன்னிரண்டு குழல்கள் துத்தநாகம். பெட்டியில் அடங்காமல் வெளியே நின்றன. மற்றவை ஈயம் கூடுதலாகச் சேர்த்து வார்த்தவை. நாற்பத்தொன்பதில் ஹெர்ப்புக்குக் கொடுத்தது போக நாற்பத்தெட்டு.

எல்ராய் தானே திருகுகளைக் கழற்றினார். மூடி உறிஞ்சுகிற சத்தத்தோடு விட்டுக்கொடுத்தது.

"கேட்டியா மார்லிஸ்? பதினோரு வருஷம் கழிச்சு! காத்து இப்பத்தான் உள்ள போவுது!"

"கேட்டேன், கேட்டேன். அது என்ன வாடை? யாராவது வெள்ளரிக்கா ஊறுகாய் கொண்டாந்தீங்களா?"

மூடியை எடுத்து வைத்துவிட்டு எல்ராய் குனிந்தார். யாரோ உள்ளே மாவைக் கொட்டிவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தார். வெள்ளை வெளேரென்று, பள்ளத்துக்குப் பள்ளம், கட்டி கட்டியாக. துடைத்தால் போய்விடும் என்று ஒரு குழலின் கழுத்தில் விரலை வைத்தார். விரல் உள்ளே போய்விட்டது. குழல் இருந்த இடத்தில் பொருக்குத்தான் இருந்தது. இன்னொன்றைத் தூக்கினார். பாதி கையில் வந்தது, பாதி பெட்டியிலேயே உதிர்ந்தது. என்ன செய்கிறோம் என்றே தெரியாமல் வந்த பாதியை வாயில் வைத்து ஊதினார். சத்தம் வரவில்லை. உதட்டில் ஒட்டிய பொடி தித்தித்தது.

"தித்திக்குது" என்றார், எவரையும் பார்க்காமல்.

மார்லிஸ் கையில் சிரட்டைகளோடு தரையில் உட்கார்ந்துவிட்டாள். எல்ராய் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். நாற்பத்தெட்டும் அப்படித்தான். ஒன்றே ஒன்று, ஹெர்ப்புக்குக் கொடுத்த குழலின் பள்ளம் மட்டும் வெறுமையாக, சுத்தமாக இருந்தது.

"மாட்டுக் கொட்டாய் பக்கத்துல வச்சோம்ல" என்றான் டுவேன் ஸ்கார். அவன் சங்கத்தில் எலக்ட்ரீஷியன்; எதற்கும் காரணம் கையில் வைத்திருப்பவன். "மூத்திர வாடை, சாணி வாடை. அது காத்துல கலந்து உலோகத்தைத் தின்னுரும். எங்கயோ படிச்சிருக்கேன்."

எல்ராய் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். யார்மேலாவது கோபப்படாவிட்டால் அந்த நிமிஷமே நெஞ்சு வெடித்துவிடும் என்று தோன்றியது அவருக்கு. வண்டியை எடுத்துக்கொண்டு நேரே க்ளாவிட்டர் பாருக்குப் போனார். சனிக்கிழமை மத்தியானம். சீட்டு மேஜை நிறைந்திருந்தது. ஹெர்ப் கையில் சீட்டு, முன்னால் பிராந்தி, ஒரு தட்டில் வறுத்த பாலாடைக்கட்டி.

"டேய் ஹெர்ப்! உன் மாடுங்க எங்க ஆர்கனைத் தின்னுடுச்சுங்கடா!"

மேஜை மொத்தமும் சிரித்தது. ஹெர்ப் சீட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அதுங்களுக்கு நான் தீனி ஒழுங்காத்தான் போடறேன். நீ உக்காரு, ஆட்டம் கெடுது."

"சிரிக்காதடா! டயாபேசன் போச்சு. மொத்தமும் போச்சு, மாவாயிடுச்சு. 'காஞ்ச எடம், எலிகூட வராது'ன்னு சொல்லித்தானே குடுத்த? சாணிக்குழி ஓரத்துல வச்சுட்டு, பதினோரு வருஷமா ஒரு வார்த்தை சொல்லலியே! ஓசியில குடுத்தா கேக்க மாட்டாங்கன்னு நெனச்சியா? பொய்யன்டா நீ. ஏமாத்துக்காரன்."

சிரிப்பு நின்றது. ஹெர்ப் எல்ராயை நிமிர்ந்து பார்த்தார். அறுபது வருஷத்தில் பார்த்த பார்வை இல்லை அது. பிறகு கையிலிருந்த சீட்டுகளை முகம் மேலே தெரிய மேஜையில் வைத்தார். கிளாவர் ராணி, ஸ்பேடு ராணி, இரண்டும் இருந்தன. ஷீப்ஸ்ஹெட்டில் அதற்கு மேல் சீட்டு கிடையாது. அப்படிப்பட்ட கையை எவனும் கீழே வைத்து எங்கள் ஊர் பார்த்ததில்லை. ஹெர்ப் வைத்தார், தொப்பியை எடுத்துக்கொண்டார், போய்விட்டார்.

அடுத்த மூன்று வாரம் ஊருக்கு வேறு பேச்சில்லை. தீவனக் கடையில் ஹெர்ப்பைக் கண்டால், "மாட்டுக்குத் தீனியா, இல்ல ஒரு பியானோ கட்டித் தரட்டுமா?" என்று கேட்டார்கள். சர்ச்சில் முதுகுக்குப் பின்னால் உதட்டைப் பிதுக்கினார்கள். ஆர்கனுக்கு நன்கொடை கொடுத்தவர்கள் பாதி ஊர் என்பதால் கோபமும் பாதி ஊருக்கு இருந்தது. ஹெர்ப் சீட்டாட வரவில்லை. அவருடைய நாற்காலியை எடுக்கவும் யாருக்கும் தைரியம் இல்லை. அது காலியாகவே கிடந்தது.

நான்காவது வாரம் புதன்கிழமை, பள்ளியின் மர வேலைக் கூடத்துக்குள் ரப்பர் பூட்ஸோடு ஹெர்ப் வந்து நின்றார். எல்ராய் பக்கம் திரும்பவே இல்லை.

"மார்லிஸ், உங்கிட்ட ஒண்ணு காட்டணும்" என்றார். கோட்டுக்குள்ளிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தார்.

ரிப்பன் கட்டிக் கொடுத்த குழல். நெளிவு அப்படியே இருந்தது. ஓர் ஓரத்தில் காய்ந்த சாணி. ஊதுகிற முனையில், பால் கறக்கும் எந்திரத்தின் காம்பு ரப்பரை வெட்டி மாட்டியிருந்தார். மற்றபடி கரும்பளபளப்பாக, கெட்டியாக, ஒரு புள்ளி வெள்ளை இல்லாமல் கிடந்தது.

"பால் கறக்கற எடத்துல, வாசக்கதவு ஆணியில தொங்குது. பதினோரு வருஷமா. நாப்பது மாடு அதுமேலதான் மூச்சு விடுது, அதுக்குப் பக்கத்துலதான் மூத்திரம் பேயுது. தெனம் சாயங்காலம் இதை ஊதித்தான் மேய்ச்சல்லேந்து கூப்பிடறேன். பாத்துக்கங்க. கேட்டுக்கங்க."

ரப்பரை வாயில் வைத்து ஊதினார். அந்தக் கூடத்தில் டயாபேசன் பேசிற்று. ஒரே ஒரு சுரம், ஆனால் உருண்டு திரண்டு, சுவரையெல்லாம் தொட்டுக்கொண்டு நின்றது. மார்லிஸ் வாயைப் பொத்திக்கொண்டாள். டுவேன் தரையைப் பார்த்தான்.

"சாயங்காலம் எனக்கு வேணும்" என்று குழலைக் கோட்டுக்குள் செருகிக்கொண்டு ஹெர்ப் போய்விட்டார்.

எல்ராய் பேயறைந்தவர்போல நின்றார். மாடு இல்லை என்றால்? ஈரம் இல்லை என்றால்? பின்னே எது? கேள்வி தலைக்குள் சுற்றிச் சுற்றி வந்தது. பதிலை எட்டிப் பார்க்க மட்டும் ஏனோ அவருக்குப் பயமாக இருந்தது.

பதில் வெள்ளிக்கிழமை காரில் வந்து இறங்கியது. குழல் செய்கிறவள், பேர் ரோவீனா ஹாசெல், ஓஹயோவிலிருந்து மார்லிஸ் வரவழைத்தவள். நாற்பது வயசு, குட்டை முடி, கையெல்லாம் தழும்பு. குழல்களைப் பார்ப்பாள் என்று நினைத்தால், வந்ததும் பெட்டியைப் பார்த்தாள். முகமூடி மாட்டிக்கொண்டு விளிம்பைத் தடவினாள். முகமூடியை ஒரு நொடி நகர்த்தி மூக்கை உறிஞ்சினாள்.

"ஓக்கு" என்றாள். "ரப்பர் வேற வச்சிருக்கு. ஐயோ, எந்தப் புண்ணியவான் இதைச் செஞ்சாரு?"

பதிலுக்குக் காத்திருக்காமல் மேலே பேசினாள்.

"இந்த மரம் வருஷக்கணக்கா ஒரு புளிச்ச ஆவியை விட்டுக்கிட்டே இருக்கும். வினிகர்தான், வேற ஒண்ணுமில்ல. நமக்கு ஒண்ணும் பண்ணாது. ஈயத்துக்கு எமன். காத்தாட வச்சா ஆவி வெளிய போயிரும். இப்படி மூடிட்டா எங்க போவும்? உள்ளேயே சுத்திச் சுத்தித் தின்னும். மத்த குழல்ல தகரம் ஜாஸ்தி, அதனால பொழைச்சுது. சும்மா பழைய அட்டைப்பெட்டியில செய்தித்தாள் சுத்திப் போட்டிருந்தா, இந்நேரம் எடுத்து வச்சு வாசிக்கலாம்."

எல்ராய்க்கு அந்த வாடை தெரியும். புளிச்ச வாடை. முப்பத்தெட்டு வருஷம் காலையில் தொழிற்சாலைக் கதவைத் திறந்ததும் முகத்தில் வந்து மோதிய வாடை. நல்ல மரத்தின் வாசனை, நல்ல வேலையின் வாசனை என்று நெஞ்சு நிறைய இழுத்துக்கொண்ட வாடை. அட்டைப்பெட்டி போதும் என்கிறாளே இவள்! அட்டைப்பெட்டி!

"நான்தாங்க அந்தப் புண்ணியவான்" என்றார்.

ரோவீனாவுக்கு முகம் செத்துப்போயிற்று. "சார், நான் தெரியாம..."

"அந்தப் பொடி என் வாயில பட்டுது. தித்திச்சுது."

"தித்திச்சுதா?" அவள் எழுந்தே விட்டாள். "அது விஷம் சார்! ஈயத்துலேந்து வர்ற விஷம் அப்படித்தான் தித்திக்கும். இன்னிக்கே போய் ரத்தம் குடுத்துப் பாருங்க!"

ரத்தத்தில் பெரிதாக ஒன்றுமில்லை என்று பிறகு சொன்னார்கள். அப்போதைக்கு எல்ராய்க்கு விஷத்தைப் பற்றிக் கவலை வரவில்லை. ஹெர்ப்பின் கையிலிருந்து இறங்கிய இரண்டு ராணிகள்தான் கண்ணில் நின்றன.

ரோவீனா உடைந்த துண்டுகளை அளந்தாள். புதிதாகச் செய்துவிடலாம் என்றாள். "அளவு கிடைச்சிரும். ஆனா குரல் எப்படி இருந்துதுன்னு அளவு சொல்லாது. பேசற குழல் ஒண்ணாவது வேணும், பக்கத்துல வச்சுக்கேட்டு அதுபோல மத்ததைப் பேச வைக்கணும். நவம்பர் வரைக்கும் எங்கிட்ட இருக்கணும். ஒண்ணுகூடவா மிஞ்சலை?"

பேசுகிற குழல் ஒன்றே ஒன்று இருந்தது. அது மாட்டுக் கொட்டிலில் ஆணியில் தொங்கியது.

அன்று சாயங்காலம் மார்லிஸ் எல்ராயை வாசல்வரை கூட்டிக்கொண்டு வந்தாள். "ஏம்ப்பா, நன்கொடைக்காரங்களுக்கு எழுதின லெட்டர் தபால்ல போகத் தயாரா இருக்கு. 'சேமித்த இடத்தின் காற்று'ன்னுதான் எழுதியிருக்கேன். ஹெர்ப்பு பேரு அதுல இல்ல. அப்படியே போகட்டுமே? எழுவத்தாறு வயசுல உன் பேரு ஏன் கெடணும்? ஊரு ஆறு மாசத்துல மறந்துரும்."

சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. அந்த ராத்திரி எல்ராய்க்கு அது நல்ல யோசனையாகவே பட்டது. நன்றாகத் தூங்கவும் செய்தார். காலையில் காபி போடும் முன் பேப்பர் எடுக்க கராஜ் வழியாகப் போனபோது ஹெர்ப்பின் பெட்டி கண்ணில் பட்டது. காபி போடாமலே வண்டியை எடுத்தார்.

ஹெர்ப் கறந்துகொண்டிருந்தார். எல்ராய் இரண்டு மாடுகளுக்கு நடுவே நின்று சொல்லி முடித்தார். ஓக், ஆவி, ரப்பர், அட்டைப்பெட்டி, எதையும் விடவில்லை. "என்னை மன்னிச்சிருடா" என்றார். ஹெர்ப் ஒரு மடியிலிருந்து எந்திரத்தைக் கழற்றி அடுத்த மடியில் மாட்டினார்.

"எங்கிட்ட எதுக்குச் சொல்ற? நான் பொய்யன் இல்லைன்னு எனக்குத் தெரியும். மாட்டுக்கும் தெரியும். என்னை நீ இங்க வச்சா திட்டின?"

எல்ராய்க்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. குழலைப் பற்றி வாயைத் திறக்காமல் திரும்பினார்.

அன்று சனிக்கிழமைதான். மத்தியானம் க்ளாவிட்டர் பாருக்கு எல்ராய் நான்காவது பெட்டியின் மூடியைத் தோளில் சுமந்துகொண்டு வந்தார். சீட்டு மேஜையில், ஆடிக்கொண்டிருந்த சீட்டுகளின் மேலேயே, மூடியைத் திருப்பிப் போட்டார்.

"இதைப் படிங்க."

பார் முதலாளி க்ளாவிட்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார். "எ. டொம்பெக், மாரோ, 2008. ஆயிரம் வருஷம்... இது என்னப்பா?"

"ஆர்கனைத் தின்னது இதுதான். மாடு இல்ல, ஹெர்ப்பு எடமும் இல்ல. நான் செஞ்ச பெட்டி. ஓக்கு மரம் ஈயத்தைத் தின்னும்னு எனக்குத் தெரியாது. காத்துப் புகாம நான் மூடினதால மொத்தமும் தின்னுச்சு. அட்டைப்பெட்டியில வச்சிருந்தா பொழைச்சிருக்கும். இங்கதான் நின்னு அவனைப் பொய்யன், ஏமாத்துக்காரன்னு சொன்னேன். அவன் ரெண்டும் இல்ல. தப்பு மொத்தமும் என்னோடது."

டொம்பெக் செய்த பெட்டியில் குறை என்று இந்த ஊரில் எவரும் கேட்டதில்லை. அவர்களுடைய அப்பா அம்மா எல்லாம் அதற்குள்தான் இருக்கிறார்கள். தீவனக் கடைக்காரன் ஏதோ வேடிக்கையாகச் சொல்ல ஆரம்பித்துப் பாதியில் விட்டான். அப்போது க்ளாவிட்டர் வாசல் பக்கம் கையைக் காட்டினார். ஹெர்ப் கதவருகே நின்றிருந்தார், எப்போது வந்தார் என்று தெரியவில்லை.

"எல்ராய், திருப்பிச் சொல்லு" என்றார் க்ளாவிட்டர். "அவன் முதல் பாதி கேக்கலை."

எல்ராய் திருப்பிச் சொன்னார். முதலிலிருந்து, ஒரு வார்த்தை குறைக்காமல்.

ஹெர்ப் வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்தார். கோட்டுக்குள்ளிருந்து குழலை எடுத்து மூடிமேல் வைத்தார். "மார்லிஸ் போன் பண்ணினா. நவம்பர் வரைக்கும்தான். அப்புறம் மாட்டுக்கு வேணும்."

எல்ராய் தலையை ஆட்டினார்.

"எனக்குன்னு ஒரு பெட்டி பண்ணி வச்சிருக்கியே."

"கராஜ்ல இருக்கு."

"ஓக்கா?"

"ஓக்குதான்."

"நல்லா இறுக்கி மூடுமா?"

எல்ராயின் கண் மேஜைமேல் கிடந்த மூடிக்குப் போனது.

"அதை எவனுக்காவது குடுத்துரு. எனக்கு சாதா பைன் மரத்துல ஒண்ணு பண்ணு" என்றார் ஹெர்ப், சீட்டைக் கையில் எடுத்துக்கொண்டே. "மூடி கொஞ்சம் லூசாவே இருக்கட்டும்."

சிரிப்பில் க்ளாவிட்டர் பாரின் கூரை தூக்கிக்கொண்டு போயிற்று. எல்ராயும் சிரித்தார். சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் நீர் கொட்டியது. துடைத்துக்கொள்ளவும் இல்லை.

குழல் ஓஹயோவுக்குப் போனது. ஹெர்ப்பின் மாடுகள் மேய்ச்சலை விட்டு வர மறுத்தன. இரண்டு நாள் கத்திக் கத்தி அவருக்குத் தொண்டை கட்டியது. மூன்றாம் நாளிலிருந்து நவம்பர்வரை, தினமும் சாயங்காலம் எல்ராய் டொம்பெக்தான் ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு போய், நாற்பது மாட்டையும் ஒவ்வொன்றாக ஓட்டிக்கொண்டு வந்தார். பகலில் பைன் பெட்டியைச் செய்தார். முடித்ததும் மூடியின் உட்புறத்தில் வழக்கம்போலப் பென்சிலால் எழுதினார்: "எ. டொம்பெக், மாரோ, 2019." எத்தனை வருஷம் தாங்கும் என்று எழுதவில்லை.